பெரியவள் எந்தக் கையைச் சூப்பினாள்?

அத்தியாயம் 7

நான் இரண்டாம் சரணத்தை முடித்து மூச்சு வாங்குவதற்குள் என் கையிலிருந்த பாட்டுத்தாளை ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள்.

லண்டனில் செயின்ட் பால் கோயில் முற்றத்தில் நின்று பாட்டு விற்கிறவனுக்கு எதுவும் வரும். அழுகிய முட்டைக்கோசு வரும். என்னைவிட நன்றாகப் பாடுகிற குடிகாரன் வருவான். காசு கொடுக்காமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு, அவர்களைத் துரத்தத்தான் கடவுள் எனக்கு நீளமான கால்களைக் கொடுத்திருக்கிறார். ஆனால் இவள் ஓடவில்லை. பாவாடை முழங்கால் வரை சேறாக, நின்ற இடத்திலேயே நின்று தாளில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

படத்தில் இரண்டு பெண் குழந்தைகள். விலாவிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டில் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று கொஞ்சம் பெரியது, இன்னொன்று சின்னது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘கென்ட் நாட்டு இரட்டை அதிசயம்! பிரசங்க நேரத்தில் சிரித்த தாய்க்குக் கடவுள் கொடுத்த தண்டனை!’

தனக்குப் படிக்கத் தெரியாது, கடைசிச் சரணத்தைப் பாடு என்றாள். பாடினேன். ஒன்பதாம் நாள் அந்த விகாரப் பிறவி செத்தது, இங்கிலாந்தே மனம் திருந்து என்று முடியும். கேட்டுக்கொண்டிருந்த கசாப்புக்கடைக்காரர் ஒருவர் வழக்கம்போல ‘ஆமென்’ சொன்னார்.

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள்.

"பேப்பர்ல அப்படித்தான்மா போட்டிருக்கு."

"அதுங்களுக்குப் பால் குடுத்தது இந்தப் பேப்பரா? நான் குடுத்தேன்."

அன்றைக்கு நான் அதற்குமேல் பாட்டு விற்கவில்லை.

அவளை நேராகப் பார்பரி அக்காவிடம் கூட்டிப்போனேன். பார்பரி லஸ்க் நைட்ரைடர் தெருவில் மதுக்கடை நடத்துகிற விதவை. ஊர் அவளைத் தேடி வருவது பியருக்காக அல்ல, பியர் சுமார்தான். காணாமல் போன வெள்ளிக் கரண்டி, ஓடிப்போன குதிரை, ஓடிப்போன புருஷன், எதுவானாலும் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுவாள். கத்தரியின் நுனியில் சல்லடையைக் கோத்துத் தொங்கவிட்டு, சந்தேகப்படுகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். திருடன் பெயர் வந்ததும் சல்லடை தானாகச் சுழலும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அதைச் சுழற்றுவது அக்காவின் கட்டைவிரல். அதற்கு முன்பே அவளும் எடுபிடி ஜாஸ்பராகிய நானும் ஊரெல்லாம் அலைந்து திருடனைக் கண்டுபிடித்திருப்போம். நாங்கள் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், சல்லடை சொன்னால் நீதிபதியே நம்புகிறார். என்ன செய்வது?

வந்தவள் பெயர் உர்சுலா தேக். கணவன் கப்பலில். குழந்தைகள் பிறந்ததும் மருத்துவச்சி அலறிக்கொண்டு ஓடிவிட, இவளே தொப்புள்கொடியை அறுத்து, இரண்டு பேருக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறாள். பெரியவள் ஜென்னட், சின்னவள் ஏவிஸ். அடுத்த வாரமே குதிரை வண்டியில் ஒரு கனவான் வந்தார். பிஷப்பின் வைத்தியர்கள் குழந்தைகளைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று அரக்கு முத்திரை குத்திய காகிதம் ஒன்றைக் காட்டினார். ஊர்ப் பாதிரியார் அதைப் படித்துவிட்டுக் கொடுத்தனுப்பச் சொன்னார். உர்சுலா விடவில்லை. இரண்டு ஆண்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள, வண்டி லண்டன் சாலையில் போய்விட்டது. போன குழந்தைகள் திரும்பவில்லை. பிஷப் மாளிகைக்கே நடந்துபோய்க் கேட்டாள். நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்று வாசற்காவலன் சிரித்தானாம். அங்கிருந்து நடையாக லண்டன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்கவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள். அவள் வழக்கம் அது.

"நெஜமாவே பிரசங்கத்துல சிரிச்சியா?"

"சிரிச்சேன். நீண்ட ஜெபம் பண்றேன்னு பாதிரியார் கண்ண மூடினாரு. கொறட்ட வந்துச்சு. எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்க, நான் மூடல. அதுக்கு வெள்ளத் துணி போத்திக்கிட்டு சபைக்கு முன்னாடி நின்னு மன்னிப்பு கேளுன்னாரு. கேக்கல."

அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது. எனக்கும்தான். ஆனால் எனக்கு இன்னொன்று தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"செத்துப்போச்சுன்னு சொல்றது இவன் விக்கிற தாள் ஒண்ணுதான்" என்றாள் உர்சுலாவிடம். "போன மாசம் இவன் வித்த தாள்ல ஒரு திமிங்கிலம் பிரசங்கம் பண்ணுச்சு. டேய், எதுக்குடா முழிக்கிற?"

"பிரசங்கம் பண்ணல அக்கா, சும்மா எச்சரிச்சுது" என்றேன். பிறகு சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதால் சொன்னேன். ஃப்ளீட் பாலத்துக்குப் பக்கத்துச் சத்திரத்தில் கேப்டன் கமாலியேல் என்கிற வித்தைக்காரன், கென்ட் அதிசயத்தின் உடலைப் பதப்படுத்தி வைத்திருப்பதாகச் சொல்லி ஆளுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு காட்டுகிறான்.

நான் ஏதோ அக்காவின் காதில் சொல்வதாகத்தான் நினைத்தேன். உர்சுலா எழுந்து நின்றாள். 

"காட்டு" என்றாள்.

கமாலியேல் எந்தக் கப்பலுக்கும் எந்தப் படைக்கும் கேப்டனாக இருந்ததில்லை. கதவருகே பறை அடித்துக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தான். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒற்றை மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெள்ளைத் துணியில் படுத்திருந்த இரண்டு சின்ன உருவங்கள். எனக்குப் பாட்டு பாடத்தான் தெரியும், இந்த மாதிரி சமயத்தில் என்ன செய்வதென்று தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

உர்சுலா கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அக்கா அவள் முதுகில் கை வைத்தாள். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரித்திருக்கிறாள்.

"மெழுகு" என்றாள். "அதுவும் கைய மாத்தி வெச்சிருக்கான். எம் பெரியவ வலது பக்கமாத்தான் தங்கச்சியோட ஒட்டியிருக்கா. வலது கை தங்கச்சி முதுகுக்குப் பின்னாடி மாட்டிக்கும். அவளுக்குன்னு இருக்கிறது இடது கைதான், எப்பவும் அதத்தான் சூப்புவா. இவன் பொம்மை வலது கைய சூப்புது."

அக்கா என்னிடமிருந்த தாளை வாங்கி மெழுகுவர்த்தியருகே பிடித்தாள். தாளிலும் பெரிய குழந்தை வலது கையைத்தான் சூப்பிக்கொண்டிருந்தது. இடது பக்கம்தான் ஒட்டியிருந்தது. பறையை நிறுத்திவிட்டு ஓடிவந்த கமாலியேலை நான் மடக்கிக் கேட்டதில், தாளைப் பார்த்துத்தான் மெழுகுக்காரனிடம் செய்யச் சொன்னதாக ஒப்புக்கொண்டான். ஊரெல்லாம் பாட்டு கேட்டுவிட்டு உடலைப் பார்க்க ஆசைப்படுகிறது, நான் என்ன செய்ய என்று என்னையே கேட்டான். எங்கள் மூன்று பென்னியையும் திருப்பி வாங்கிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

"அப்போ படம் வரைஞ்சவனும் எம் புள்ளைங்கள பார்க்கல" என்றாள் உர்சுலா. முதல்முறையாக அவள் குரல் தளர்ந்தது.

அக்கா சத்திரத்துச் சமையல்கட்டுக்குள் போய், வெண்ணெய்க் கட்டியில் பூ பதிக்கிற மர அச்சை எடுத்துவந்தாள். வெண்ணெய்த் தட்டையும் கூடவே. மரத்தில் செதுக்கியிருந்த அன்னம் ஜன்னலைப் பார்த்தது. அழுத்தி எடுத்தால் வெண்ணெயில் அன்னம் கதவைப் பார்த்தது.

"படத்த மரத்துல செதுக்கித்தான் தாள்ல அழுத்தறாங்க" என்றாள். "தாள்ல வலதுன்னா மரத்துல இடது. செதுக்கினவன் சரியாத்தான் செதுக்கியிருக்கான். பொம்மைக்காரன் தாளப் பார்த்தான், அதான் தப்பு. செதுக்கினவன் குழந்தையப் பார்த்திருக்கான்."

உர்சுலா வெண்ணெயைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் மூளை வேலை செய்தது. இந்தத் தாளை அச்சடித்தவர், நான் பாடுகிற அதே கோயில் முற்றத்தில் நீல முள்ளம்பன்றிப் பலகை போட்ட கடையின் ஜெரோம் ஸ்டாலர்ட். நான் பாட்டு வாங்குகிற இடம். அவரைப்போல ஒரு கஞ்சனை லண்டன் பார்த்ததில்லை. அவரிடம் இருக்கிற மர அச்சுகள் எல்லாம் அவர் அப்பா காலத்தவை. விசிறி பிடித்த ஒரு சீமாட்டி அச்சு இருக்கிறது. ராணி பாட்டு வந்தால் அவள் ராணி, புருஷனை வெட்டியவள் பாட்டு வந்தால் அவளே கொலைகாரி, கடல் பாட்டுக்கு அவள் இடுப்புக்குக் கீழே மையைத் துடைத்துவிட்டுக் கடல்கன்னி. அப்படிப்பட்டவர் இந்தப் பாட்டுக்கு மட்டும் புது அச்சு செதுக்க வைத்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"கஞ்சன் புதுசா செலவு பண்ணான்னா பண்டம் கைக்குக் கிட்டக்க இருந்திருக்கு. குழந்தைங்க அவன் வீட்டுக்குள்ள வந்திருக்கு. வா."

நீல முள்ளம்பன்றிக் கடைக்கு நாங்கள் போனபோது அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. உர்சுலாவைத் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்கச் சொன்னாள் அக்கா. கூப்பிட்டால்தான் வரவேண்டும். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். மதுக்கடைச் சுவர்களில் ஒட்ட நல்ல பாட்டுத்தாள்கள் வேண்டும் என்றாள் அக்கா. எல்லா மதுக்கடைக்காரர்களும் அதற்காகத்தான் வருவார்கள், ஆகவே ஸ்டாலர்ட் மை படிந்த கைகளைத் தேய்த்துக்கொண்டு கென்ட் அதிசயத்தையே எடுத்துப் போட்டார். யார் அனுப்பிய படம் என்று கேட்டதற்கு, கென்ட் பாதிரியார் ஒருவர் வரைந்து அனுப்பினார், நான் கண்ணால் பார்த்ததில்லை என்றார். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். நான் அவரிடம் வருஷக்கணக்காகப் பாட்டு வாங்குகிறவன், அவர் உண்மை பேசினால்தான் கண் சிமிட்டும்.

மூலையில் அவர் மனைவி லெட்டிஸ் தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத தம்பதி. அவள் தோளில் வெள்ளையாகக் கறை காய்ந்திருந்ததைப் பார்த்தேன். தாள் ஒட்டுகிற பசை என்று விட்டுவிட்டேன். பசை தோளில் எப்படிப் படும், குழந்தை கக்கிய பால்தான் படும் என்று யோசிக்க அக்காவால்தான் முடியும். அவள் ஸ்டாலர்டை விட்டுவிட்டு லெட்டிஸ் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் சாவகாசமாக. "ஆனா கை சூப்புதுன்னெல்லாம் போட்டது ஜாஸ்தி. ஒட்டிப் பொறந்ததுக்கு அவ்வளவு தெம்பு ஏது? அழக்கூட முடிஞ்சிருக்காது, பாவம்."

லெட்டிஸ் மடிப்பதை நிறுத்தவில்லை. பெருமை பேசுகிற பெண்களுக்கு நாக்கு முந்திக்கொள்ளும்.

"தெம்பு இல்லையா? அந்த இடது கைய வாயிலேர்ந்து எடுத்துப் பாருங்க, தெருவே கூடிடும்."

"இடது கையா? தாள்ல வலதுல்ல இருக்கு."

லெட்டிஸ் ஒரு கணம்தான் தடுமாறினாள். "அச்சுல பக்கம் மாறிடும். இது கூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று பதில் வந்தது. சரியான பதில். எங்கள் பொறியிலிருந்து எலி வாலைக்கூட விடாமல் வெளியே போய்விட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் அசையவில்லை, ஆனால் அடுத்து என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அச்சு இயந்திரம் நின்றது.

ஸ்டாலர்ட் பிடியைக் கையில் வைத்தபடியே மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெட்டிஸ்" என்றார். "அதுங்க அழவே இல்ல, அப்படியே அடங்கிப்போச்சுன்னு சொன்னியே?"

நாங்கள் ஸ்டாலர்டுக்காகத்தான் பொறி வைத்திருந்தோம். குழந்தைகளைத் திருடியவர் அவர், ஒளித்தவரும் அவர்தான் என்று நினைத்தோம். ஆனால் அந்த மனிதரின் முகத்தில் இருந்தது திருட்டு முழி அல்ல, நிஜமான குழப்பம். ஒன்பதாம் நாள் செத்துவிட்டதாக அவர் போட்ட பாட்டு, அவர் அறிந்தவரை உண்மை. பெண்டாட்டி சொன்னதைத்தான் அச்சடித்திருக்கிறார்.

அக்கா ஜன்னலைத் தட்டினாள். உர்சுலா உள்ளே வந்து முக்காட்டைத் தள்ளினாள். ஸ்டாலர்ட் பின்னால் நகர்ந்ததில் மைக்கிண்ணம் கவிழ்ந்தது.

"பிஷப் வீட்டு ஐயாவா?" என்றாள் அவள். "இங்க மையில கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? எம் புள்ளைங்க எங்க?"

 அக்கா அவருக்கு அமைதியாக விளக்கினாள். பிஷப் பெயரில் கள்ள முத்திரை வைத்தால் சந்தையில் மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி நிற்கவைத்துக் காதை அறுப்பார்கள். அவருக்குக் காது பெரிது, அறுக்கிறவனுக்கு வேலை சுலபம் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். குழந்தைகளை ஒரு பிரபுவுக்கு விற்கப் பேசியிருந்ததையும், அவை செத்துவிட்டதாகத் தெரிந்ததும் பாட்டையாவது விற்போம் என்று அச்சடித்ததையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

லெட்டிஸ் அழவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே தாள் காயப்போடுகிற பரண், ஏணி வைத்து ஏறவேண்டும். ஸ்டாலர்டுக்கு முழங்கால் வலி, அந்த ஏணியில் அவர் ஏறி வருஷங்கள் ஆயிற்று. பகலெல்லாம் இயந்திரத்தின் சத்தம், இரவெல்லாம் அவருடைய குடிமயக்கம். அடுத்த தெரு மீன்காரி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். இதெல்லாம் ஏறும்போதே லெட்டிஸ் சொன்னது.

கொடிகளில் தொங்கிய தாள்களுக்கு நடுவே, துணிக்கூடையில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு கிடந்தார்கள். தலைக்கு மேலே அவர்கள் சாவைப் பற்றிய பாட்டு வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவள் இடது கையைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

உர்சுலா கூடையருகே மண்டியிட்டு இரண்டு நெற்றிகளிலும் மாறி மாறி முகத்தை வைத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இருமுவதுபோல நடித்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் இருந்தது அவள் பெருந்தன்மை.

"அவர் வித்திருப்பார்" என்றாள் லெட்டிஸ். "அதான் செத்துடுச்சு, நானே பொதச்சிட்டேன்னு சொன்னேன். என்னைத் திட்டு, பரவாயில்ல. ஆனா இதுங்கள வெளிய கொண்டுபோகாத. இங்க யாரும் பார்க்கறதில்ல, யாரும் கல் எறியறதில்ல. வெளிய ஊரே வேடிக்கை பார்க்கும். இங்கயே விடு, நீயும் இருந்துக்கோ."

அவள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கஷ்டம். அந்த முற்றத்தில் நிற்கிற கூட்டத்தை எனக்குத் தெரியும். அது என் கூட்டம்.

உர்சுலா குழந்தைகளை எடுத்துக்கொண்டாள். ஒரு கை ஜென்னட்டின் கழுத்துக்கு, ஒரு கை ஏவிஸின் கழுத்துக்கு. பழகிய கைகள்.

"உசுரோட வெச்சிருந்ததுக்கு உனக்கு ஒரு நன்றி" என்றாள். "ஒளிச்சு வெச்சதுக்கு இல்ல. பார்க்கறவங்க பார்க்கட்டும்."

கீழே வந்தோம். ஸ்டாலர்ட் எழுந்து, பின்வாசல் வழியாகப் போய்விடுங்கள் என்று கெஞ்சினார். முற்றத்தில் பாதிப் பேர் கையில் அவருடைய தாள் இருக்கிறது, உயிரோடு பார்த்தால் இனி ஒருவரும் அவரிடம் பாட்டு வாங்க மாட்டார்கள், ஏற்கெனவே அச்சடித்த தாளையெல்லாம் என்ன செய்வது என்றார்.

"ஒன்பதாம் நாள் செத்ததுன்னு போட்டிருக்கல்ல?" என்றாள் உர்சுலா. "தாளப் பொதச்சிடு."

முன்வாசல் கதவை அவளே தோளால் தள்ளித் திறந்தாள்.

வெயில் நன்றாக அடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு அவர்கள் ஒதுங்கியதைப் பார்த்து மற்றவர்கள். ஒருத்தி தன் மகனின் கண்ணைப் பொத்தினாள். காலையில் ‘ஆமென்’ சொன்ன அதே கசாப்புக்கடைக்காரர், கையில் தாளோடு, பையிலிருந்து ஒரு பென்னியை எடுத்து நீட்டினார். பார்க்கக் காசு கேட்பார்கள் என்று பழகிய மனிதர், கெட்டவரில்லை.

"காசு வேண்டாம்" என்றாள் உர்சுலா. "இவ ஜென்னட். இவ ஏவிஸ். பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க."

அவர் பென்னியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். தாளைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார். என் பாட்டில் பதினாறு சரணம் இருக்கிறது, ஒன்றில்கூடப் பெயர் கிடையாது. பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"ஜென்னட்" என்றார் கரகரப்பாக. "ஏவிஸ்."

பெரியவள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் மூஞ்சியைப் பார்த்து வீறிட்டாள். தெருவே கூடியது. லெட்டிஸ் சொன்னது சரிதான்.

கூட்டம் என்னையும் கண்டுகொண்டது. டேய் பாட்டுக்காரா, செத்துடுச்சுன்னு பாடினியே, இப்போ என்னடா பாடுவே என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நியாயமான கேள்வி. நான் கல் மேடையில் ஏறி, மெட்டைப் பிடித்துக்கொண்டு, உர்சுலாவைப் பார்த்து என்ன பாடட்டும் என்று கேட்டேன்.

அவள் அழுகிற குழந்தையையும் அழாத குழந்தையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டே யோசித்தாள்.

"எல்லாத்தையும் மாத்திப் பாடு" என்றாள். "நான் சிரிச்சேன்ங்கிறத மட்டும் மாத்தாத."